நவோமிக்கு ஒரு முளைப்பாரி

1

"சொந்த ஊருக்குத் திரும்பிப் போன ஒருத்தியின் பெயரை, திரும்பிப் போகாத நீங்கள் இருவரும் எனக்கு எதற்காக வைத்தீர்கள்?"

எங்கள் மகள் நவோமி இப்படிக் கேட்டபோது நான் கீரை அலசிக்கொண்டிருந்தேன். அவள் அப்பா செல்வம் சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கேள்வி ஜெர்மன் மொழியில் வந்தது. பசிக்குத் தமிழ், கோபத்துக்கு ஜெர்மன் என்பது அவளாகச் செய்துகொண்ட ஏற்பாடு. அவளுக்கு வயது பதினான்கு. லைப்சிக் நகரில் பிறந்தவள். ஊரைப் பற்றி அவளுக்கு நினைவிருப்பது ஒரு கோழி துரத்தியது மட்டும்தான்.

பள்ளியின் நெறியியல் வகுப்பில் விடுமுறைக்கான வேலை ஒன்று கொடுத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தம் பெயரின் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது, யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று தேடி, பள்ளி திறந்ததும் வகுப்பின் முன் நின்று பேச வேண்டும். முதல் இரண்டுக்கும் அவள் விடை கண்டுபிடித்துவிட்டாள். மற்ற இரண்டும் எங்களுக்கான தேர்வாகிவிட்டன.

செல்வம் சங்கிலியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "அதெல்லாம் உங்கம்மா டிபார்ட்மெண்ட்" என்றார்.

2

நான் பெரியகுளத்துக்காரி. சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவள். எதையும் விளைவுகளை எடைபோட்டே செய்ய வேண்டும் என்று எனக்குக் கற்பித்தார்கள். நானும் தேவைக்கு அதிகமாகவே கற்றுக்கொண்டேன். பொட்டிப்புரம் மலையடியில் நியூட்ரினோ ஆய்வகம் வரலாமா கூடாதா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலத்தில், கல்லூரி விவாத மேடைக்காக நன்மையை ஒரு பக்கமும் தீமையை மறுபக்கமும் எழுதிக்கொண்டே போனேன். விவாத நாளன்று எந்தப் பக்கம் பேசுவது என்று முடிவாகாததால் நன்றியுரை சொன்னேன்.

இப்போது இந்த நகரத்துக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு வழிகாட்டும் மையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நாள் முழுவதும் பிறருடைய பெயர்களை எழுத்துக்கூட்டுவதுதான் அங்கே பாதி வேலை. என் முழுப்பெயர் மீனலோசனி. இங்கே அதைப் பிழையின்றிச் சொன்ன ஒரே அரசு அலுவலர், அன்று தமக்கு வேலை குறைவாக இருந்தது என்று பின்னர் ஒப்புக்கொண்டார். குடும்பப்பெயர் என்ற ஒன்று நம்மிடம் இல்லை என்பதை விளக்க முடியாமல், கடைசியில் செல்வத்தின் அப்பா பெயரான பெருமாள் எங்கள் எல்லோருக்கும் குடும்பப்பெயராகிவிட்டது. செல்வத்தின் ஊரான அனுமந்தன்பட்டியில் மருமகள் மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. இங்கே பல் மருத்துவர் முதல் தபால்காரர் வரை என்னைத் திருமதி பெருமாள் என்று கூப்பிடுகிறார்கள். நானும் "ஆம், பெருமாள்தான்" என்று பதில் சொல்கிறேன். மறைந்த மாமனார் மன்னிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு குழந்தை பிறந்தபோது, பெயர் வைப்பது சாதாரண காரியமாக இருக்க முடியாது. ழகரம் கூடாது. ஜகரமும் கூடாது, ஜெயந்தியை யெயந்தி ஆக்கிவிடுவார்கள். நீளம் கூடாது. பள்ளியில் கேலிக்கு இடம் தரக் கூடாது. ஊரில் சொன்னாலும் வாயில் நுழைய வேண்டும். இவ்வளவையும் சல்லடையில் போட்டு ஆட்டிய பிறகு மேலே நின்ற பெயர் நவோமி. பதிவு அலுவலகத்தில் சொன்னபோது அந்த அம்மையார் எழுத்துக்கூட்டச் சொல்லாமலேயே எழுதிவிட்டார். அந்த நிம்மதியில் நாங்கள் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். பெயருக்குப் பொருள் என்ன, அந்தப் பெயருக்கு உரியவள் யார் என்று பார்க்கத் தோன்றவில்லை. அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லா விளைவுகளையும் நான் எடைபோட்டிருந்தேன்.

3

அதை நவோமியே எங்களுக்கு வாசித்துக் காட்டினாள்.

அது எபிரேயப் பெயர். இனிமை என்பது அதன் வேர். கடைசியில் வரும் ஓசை 'என்னுடைய' என்பதைக் குறிக்கிறதா அல்லது பெயருக்கான வெறும் முடிவா என்பதில் அறிந்தவர்கள் ஒத்துப்போகவில்லை. ஆகவே அவள் இனியவளாகவோ 'என் இனிமை' ஆகவோ இருக்கலாம். அரபு மொழியிலும் அதே வேர் உண்டு. அவளோடு படிக்கும், சிரியாவிலிருந்து வந்த நயீமாவின் பெயரும் அங்கிருந்து முளைத்ததுதான். "நானும் நயீமாவும் பெயர்வழியில் பங்காளிகள்" என்று சொல்லி மகிழ்ந்தாள். அதுவரை எல்லாம் நன்றாகவே போயிற்று.

பிறகு பைபிளில் ரூத் என்ற நூலில் வரும் கதைக்கு வந்தாள். பெத்லகேம் என்ற ஊரில் ஒரு குடும்பம். ஊரின் பெயருக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். ஆனால் அங்கே பஞ்சம். கணவனும் மனைவியும் இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு மோவாப் என்ற அந்நிய தேசத்துக்குப் பிழைக்கப் போகிறார்கள். அந்த மனைவிதான் நவோமி. மகன்களின் பெயர்களுக்கு நோய், மெலிவு என்பது போலப் பொருள் சொல்கிறார்கள்.

"பிள்ளைகளுக்கு இப்படியா பெயர் வைப்பார்கள்? கதையில் இவர்கள் தேற மாட்டார்கள் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது" என்றாள் மகள்.

அவர்கள் தேறவில்லைதான். போன இடத்தில் கணவன் இறந்துபோகிறான். அந்த ஊர்ப் பெண்களை மணந்த மகன்களும் இறந்துபோகிறார்கள். மருமகள்களில் ஒருத்தியான ரூத் மட்டும் விடாப்பிடியாகக் கூடவே வர, நவோமி சொந்த ஊருக்குத் திரும்புகிறாள். ஊர்ப் பெண்கள் கூடிநின்று, இவள் நவோமிதானா என்று கேட்கிறார்கள். இனி என்னை அப்படிக் கூப்பிட வேண்டாம், மாரா என்று கூப்பிடுங்கள் என்கிறாள் அவள். மாரா என்றால் கசப்பு.

இந்த இடத்தில் மகள் கணினியை மூடிவிட்டாள். முதல் அத்தியாயம் அத்தோடு முடிகிறது. இன்னும் மூன்று இருந்தன. வீட்டுப்பாடத்துக்கு இது போதும் என்று நிறுத்திக்கொண்டு, மேலே நான் எழுதிய கேள்வியைக் கேட்டாள்.

சொல்ல எளிதாக இருந்தது என்பதற்காக வைத்தோம் என்று ஒரு வகுப்பின் முன் நின்று ஒரு பெண் எப்படிச் சொல்வாள்?

4

இன்னொரு சிக்கலும் இருந்தது. செல்வத்தின் அக்கா பேச்சியம்மாள் அந்தப் பெயரை இதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

பேச்சியம்மாள் எனக்கு மதினி, மகளுக்கு அத்தை. அனுமந்தன்பட்டியில் திராட்சை வியாபாரம் செய்கிறார். தோட்டத்திலேயே கொடியைப் பார்த்து விலை பேசி, தரம் பிரித்து, பெட்டி கட்டி, கேரளத்துக்கு லாரி ஏற்றுகிறவர். மலையாளத்தில் பேரம் பேசுவார், தமிழில் முடிப்பார். எங்கள் வழக்கப்படி குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்லும் உரிமை அத்தைக்கு உரியது. அவரால் இங்கே வர முடியாததால், காணொளி அழைப்பில் கைபேசியைக் குழந்தையின் காதருகே பிடித்தோம். நவோமி என்று சொல்லச் சொன்னோம். மதினி தொண்டையைச் செருமிக்கொண்டு, "காமாச்சி, காமாச்சி, காமாச்சி" என்றார். பிறகு இணைப்பு அறுந்துவிட்டது. அறுந்ததா, அறுக்கப்பட்டதா என்பது இன்றுவரை தெரியாது.

அதற்குச் சில வாரங்களில் உறவினர் ஒருவர், "வேதத்துக்கு மாறிட்டீகளாமே" என்று செல்வத்திடம் விசாரித்தார். ஊர்ப் பேச்சில் வேதம் என்றால் கிறிஸ்தவம். மதினியின் பிடிவாதத்துக்கு அதுதான் காரணம் என்று நாங்கள் முடிவுகட்டினோம். அதன்பின் அதைப் பற்றிப் பேசவில்லை.

நவோமி நேராக அத்தையையே கேட்பது என்று தீர்மானித்தாள். இங்கே காலை, அங்கே பெட்டி கட்டும் நேரம்.

"யாரு, காமாச்சியா? என்னத்தா, இந்நேரத்துல? பள்ளிக்கூடம் இல்லையா?"

"வணக்கம் அத்தை. நான் நவோமி பேசுகிறேன். தங்களிடம் சில வினாக்கள் உள்ளன." அவள் தமிழ் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் கற்றது.

"தங்களா? ஏலே செல்வம், பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்குறீக? கலெக்டருக்கு மனு எழுதுறாப்ல பேசுது."

"அத்தை, நீங்கள் ஏன் என் பெயரைச் சொல்வதில்லை?"

பெட்டிகள் இறங்கும் சத்தம் கேட்டது. அதை வெயில்ல வைக்காதீக என்று மதினி யாரையோ அதட்டினார். "சொல்றேன்ல. காமாச்சின்னு."

"அது என் பெயர் இல்லை."

"அதை நீ சொல்லப்படாது. பேரு வைக்கிறது அத்தகாரி. ஆடிக்கு வாரீகள்ல, வா, பேசிக்கிருவோம். ஒனக்கும் பாரி போட்டு வைக்கேன்."

"எந்தப் பெயரில்?"

"என்னத்தா? கேக்கல. சிக்னலு விட்டு விட்டு வருது" என்றார் மதினி, மிகத் தெளிவான குரலில்.

முளைப்பாரி என்றால் நவோமிக்கு விளக்க வேண்டியிருந்தது. இதைப் படிக்கும் உங்களில் நகரத்தில் வளர்ந்தவர்களுக்கும் தேவைப்படலாம். ஊர்ச் சாமிக்குத் திருவிழா நாள் குறித்துச் சாட்டியதும், ஓட்டிலும் சட்டியிலும் எருவிட்டுப் பயறுவகைகளை விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து நீர் தெளித்து வளர்ப்பார்கள். வெளிறிய பச்சையில் அது கிடுகிடுவென்று உயரும். திருவிழாவன்று பெண்கள் தலையில் சுமந்து ஊர்வலம் போய் நீரில் கரைப்பார்கள். செல்வத்தின் பங்காளி வீடுகளில் இதற்கு ஒரு கூடுதல் வழக்கம் உண்டு. வம்சத்தில் பிறந்த பெண் எங்கே இருந்தாலும் அவளுக்கு ஒரு பாரி. அதைத் தலையில் ஏற்றிவிடும்போது அத்தை முறையுள்ளவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவள் 'வந்தேன்' என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் ஊர் அவளைத் தன் பெண் என்று எடுத்துக்கொள்கிறது.

"காமாட்சி என்று கூப்பிட்டால் நான் வந்தேன் என்று சொல்ல மாட்டேன்" என்றாள் நவோமி. "அது வேறு யாரோ ஒருத்தியின் பாரி. என் பெயர் தெரியாத ஊரில் நான் எதைச் சுமப்பது?"

நான் வழக்கம்போல் எடைபோட்டேன். மகள் சொல்வதில் நியாயம் இருந்தது. மதினியின் உரிமையிலும் நியாயம் இருந்தது. ஊர் முன்னால் அத்தை கூப்பிட்டு மருமகள் வாய்திறக்காமல் நின்றால், இனி அந்த வீட்டில் அவளுக்குப் பாரி போட மாட்டார்கள். அதன்பின் அவளும் ஊருக்கு வர மாட்டாள். விமானத்தில் உட்கார்ந்து, மத நல்லிணக்கம் குறித்து மதினியிடம் பேசுவதற்கு ஓர் உரையை மனதுக்குள் தயாரித்தேன். முன்னுரை, மூன்று வாதங்கள், முடிவுரை. பக்கத்து இருக்கையில் நவோமி விட்ட கதையின் மீதியை வாசித்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் சிரித்தாள். கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றாள்.

5

மதுரையிலிருந்து வந்த கார் உத்தமபாளையம் தாண்டி, அனுமந்தன்பட்டியில் மதினியின் தகரக் கொட்டகை முன் நின்றது. உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சின்னக் கத்தரிக்கோலால் குலையிலிருந்து உடைந்த பழங்களையும் பிஞ்சுகளையும் நறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இறங்கியதும் கத்தரிகள் நின்றன.

"இது செல்வம் பொண்டாட்டிதானே?"

"மீனாவா இது? என்னா இப்படி வத்திப்போய் வந்திருக்காக? அங்கன சோறு போட மாட்டாகளோ?"

"முந்தி எம்புட்டு லட்சணமா இருப்பாக."

உண்மையில் நான் எடை கூடியிருந்தேன். ஆனால் தூரத்திலிருந்து வருபவர்கள் மெலிந்துதான் வர வேண்டும் என்பது ஊரின் நியதி. நவோமி என் காதருகே வந்து ஜெர்மனில் சொன்னாள்: "அம்மா, அப்படியே கதையில் வருவது போலக் கேட்கிறார்கள். இப்போது நீ, என்னை மாரா என்று கூப்பிடுங்கள் என்று சொல்ல வேண்டும்."

மதினி கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். மகளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். தரம் பிரிக்கிற பார்வை.

"வாத்தா காமாச்சி. எந் தம்பி மூக்கு. ஒங்கம்மா ஒயரம். அதுவரைக்கும் நட்டமில்ல."

"வணக்கம் அத்தை. நான் நவோமி" என்றாள் மகள்.

"பசிக்கும். வந்து சாப்புடு" என்றார் மதினி.

செல்வம் பெட்டிகளை இறக்குவதில் மிகுந்த அக்கறை காட்டினார்.

6

திருவிழா நாள் பிற்பகல். பாரிகள் மதினி வீட்டு உள்ளறையில் தயாராக இருந்தன. மாலையில் ஊர்வலம், அதற்கு முன் ஒரு லோடு போக வேண்டும் என்று மதினி எல்லோரையும் கொட்டகையில் உட்கார்த்திவிட்டார். எங்களுக்கும் ஆளுக்கொரு கத்தரி கிடைத்தது. பேச்சை ஆரம்பித்து வைத்தவர் நாகம்மாள் அக்கா. பங்காளி முறையில் செல்வத்தின் அண்ணன் மனைவி.

"பேச்சி, செல்வம் மக பாரி எடுக்குதா? வேதக்காரப் பேரு வச்ச பிள்ளையாச்சே, எடுக்கலாமா?"

"அவ பேரு காமாச்சி" என்றார் மதினி குலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லை" என்றாள் மகள், பெரியவர்கள் பேச்சில் குறுக்கிடும்போது ஜெர்மன் பிள்ளைகள் பேசும் நிதானத்தோடு.

கத்தரிகள் மறுபடியும் நின்றன. நான் தயாராக வைத்திருந்த உரைக்கு இதுவே தருணம் என்று கருதி, "மதினி, மதம் என்பது அவரவர்..." என்று தொடங்கினேன்.

"நீ சும்மா இரு மீனா. இங்கன மதத்தை யாரு பேசுனா?" என்றார் மதினி. "எங்கூட இருபது வருசமா பெட்டி கட்டுறவ மரியபுஷ்பம். அவ வீட்டுக் கிறிஸ்மஸ் கேக்கு எனக்கு வராம இருந்திருக்கா? பிள்ளை பொறந்தப்ப இவளத்தான் கேட்டேன், எந் தம்பி மகளுக்கு நவோமின்னு வச்சிருக்காக, அது என்னா பேருன்னு. அது ஒரு மாமியா பேருன்னா. பச்சப்பிள்ளைக்கு மாமியா பேரா வப்பாகன்னு இருந்துச்சு. சரி, எப்பேர்ப்பட்ட மாமியான்னு கேட்டா, பொழைக்கப் போன பரதேசத்துல புருசனையும் ரெண்டு மகனையும் பறிகுடுத்துட்டு, வெறுங்கையா ஊர் திரும்புனவ, இனி என்னயக் கசப்புன்னு கூப்பிடுங்கன்னு சொன்னவங்கிறா."

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"நீயும் எந் தம்பியும் பரதேசத்துல கிடக்கீக. நீ போன் போட்டு, அந்தப் பேரை மூணு தடவ பிள்ளை காதுல சொல்லுங்கிற. நான் எப்படிச் சொல்வேன்? வாய் வரல. கும்புடுற சாமி பேரு ஒண்ணு வாயில வந்துச்சு, அதைச் சொல்லிட்டேன். அது பிள்ளையக் காக்கட்டும்னுதான் இம்புட்டு வருசமா சொல்றேன்."

நான் கத்தரியைக் கீழே வைத்தேன். இத்தனை ஆண்டுகளாக ஒரு பிடிவாதத்தைப் பொறுத்துக்கொள்வதாக நாங்கள் நினைத்திருந்தோம். அவர் அங்கே ஒரு பயத்தை வைத்துக்கொண்டு திராட்சை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

மரியபுஷ்பம்தான் முதலில் பேசினார். "யக்கா, நான் முழுசாச் சொல்லத்தான் வந்தேன். கசப்புங்கிற எடத்துல லாரி வந்திருச்சு. நீங்க எந்திரிச்சுப் போயிட்டீக. பெறகு நீங்க கேக்கவுமில்ல, எனக்கும் ஞாபகமில்ல."

"கதை அதுக்கு மேல இருக்கா?"

"இருக்கிறது, அத்தை" என்றாள் நவோமி. "நானும் அங்கேதான் நிறுத்தியிருந்தேன். மீதியை விமானத்தில் வாசித்தேன்."

"அப்பச் சொல்லு. லாரி வர நேரமிருக்கு."

அவள் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். எதுவும் மிச்சமில்லாதவளாக ஊர் திரும்பிய நவோமி, நிறைவோடு போனேன், வெறுமையாக வந்தேன் என்று ஊராரிடம் அழுததிலிருந்து ஆரம்பித்தாள்.

"பக்கத்துல மருமக நிக்கிறாள்ல?" என்று நாகம்மாள் அக்கா இடைமறித்தார். "சொந்த ஊரை விட்டு மாமியாளே கதின்னு வந்தவ. அவளை வச்சுக்கிட்டே வெறுங்கையா வந்தேன்னா, அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?"

"மாமியாகாரி எந்த ஊருலயும் மாமியாகாரிதான்" என்றார் இன்னொருவர். அவருடைய மருமகள் இரண்டு பெட்டி தள்ளி உட்கார்ந்திருந்தார், குனிந்து சிரித்துக்கொண்டார்.

"சரி, அவ சொன்னபடி ஊருல கசப்புன்னு கூப்பிட்டாகளா?" என்றார் மதினி.

"இல்லை அத்தை. கதை முழுவதும் யாருமே கூப்பிடவில்லை. அவள் கேட்ட பிறகும் எல்லோரும் நவோமி என்றே சொன்னார்கள்." விமானத்தில் அவள் சிரித்தது இந்த இடத்துக்குத்தான்.

"பெறகு? அவ சொன்னா நாம மாத்திருவமா? எங் கொழுந்தன் கெசட்டுலயே பேரை மாத்திட்டு வந்து காயிதத்தைக் காட்டுனாரு. இன்னைக்கும் மொச்சைன்னுதான் கூப்பிடுறாக. அவர் மகனை மொச்சை மகன்கிறாக" என்றார் நாகம்மாள் அக்கா.

ரூத் அறுவடை வயலில் சிந்திய கதிர் பொறுக்கப் போனதையும், வயல்காரரான போவாஸ் அவளுக்காகக் கதிரைச் சிந்தவிடும்படி ஆட்களிடம் சொன்னதையும் கேட்டு, கொட்டகை தொழில்முறையில் ஆமோதித்தது. அந்த வயல்காரர் நவோமிக்கு என்ன முறை, நிலம் எவ்வளவு, முதல் தாரம் உண்டா என்று விசாரணை நடந்தது. நவோமி தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததற்கு மரியபுஷ்பம் கைகொடுத்தார். கல்யாணம் முடிந்து ஆண் குழந்தை பிறந்ததும் எல்லோருக்கும் நிம்மதி.

"அந்தப் பிள்ளையை நவோமி எடுத்து மடியில் வைத்து வளர்த்தாள்" என்றாள் மகள். "பெயர் வைத்தது யார் தெரியுமா அத்தை? அப்பா இல்லை, அம்மா இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள். நவோமிக்கு ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொல்லி அவர்களே பெயர் வைத்தார்கள்."

மதினி நிமிர்ந்தார். வாழ்நாள் முழுவதும் ஒரு வழக்கை நடத்தியவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது போலிருந்தது அந்த முகம்.

"கேட்டியா மீனா? பெத்தவுக வைக்கல. சுத்தி இருந்த பொம்பளைக வச்சிருக்காக. வேதத்துலயே இருக்கு."

"ஆமாம் மதினி" என்றேன். முன்னுரையும் மூன்று வாதங்களும் என்னிடமே இருந்தன.

"கடைசியில அந்த அம்மா மடியில பிள்ளைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

"ஆமாம் அத்தை."

"கசப்புன்னு ஒருத்தரும் கூப்பிடல."

"ஒருவரும் இல்லை."

மதினி கொஞ்ச நேரம் கையிலிருந்த குலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே லாரியின் ஹாரன் கேட்டது. இந்த முறை அவர் எழுந்திருக்கவில்லை. "ஏலே செல்வம், அவுகள டீ குடிச்சிட்டு வரச் சொல்லு" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "இங்கன வா" என்றார்.

அவள் போய் முன்னால் உட்கார்ந்தாள். மதினி திராட்சைச் சாறு பிசுபிசுத்த கையால் அவள் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு காதில் குனிந்தார். என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. மூன்று முறை உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் காதில் பெயர் சொன்னால் கூச்சமாக இருக்கும்; நவோமி தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள். எழுந்தபோது அவள் கண் ஈரமாக இருந்தது. சாறு பட்டுவிட்டது என்றாள்.

மாலையில் உள்ளறைக் கதவைத் திறந்தார்கள். பாரிகள் முழங்கை உயரம் வளர்ந்து அசையாமல் நின்றன. மதினி ஒவ்வொன்றாக எடுத்துப் பெண்களைக் கூப்பிட்டார். நாகம்மாள் அக்காவின் மகள்கள் இருவரும் வந்தேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பாரியைக் கையில் தாங்கிக்கொண்டு ஒரு கணம் நின்றார். செல்வம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நவோமி" என்றார் மதினி, தெரு கேட்கும்படி.

"வந்தேன் அத்தை" என்றாள் எங்கள் மகள்.

நாகம்மாள் அக்கா குலவை போட்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பாரி தலையில் ஏறியதும் அவள் கழுத்து நேராக நின்றது. கைவிடாமல் பிடித்துக்கொள்ளும்படி நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது.

மறுநாள் காலையில் மதினி வாசலில் நின்று கூப்பிட்டார். "ஏ காமாச்சி, காப்பி ஆறுது, எந்திரிச்சு வா."

"வாரேன் அத்தை" என்று உள்ளிருந்து பதில் வந்தது. இந்த வாரேன் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் சொல்லிக்கொடுத்ததல்ல.

7

பள்ளி திறந்து நவோமி வகுப்பின் முன் பேசினாள். பெயரின் பொருளையும் மூலத்தையும் சொன்னபோது நயீமாவை எழுந்து நிற்கச் சொல்லி, இவள் என் பங்காளி என்று காட்டினாளாம். பங்காளி என்ற சொல்லுக்கு ஜெர்மனில் நேரான சொல் கிடைக்காமல் தமிழிலேயே சொல்லியிருக்கிறாள். நான்காம் கேள்விக்கு, என் பெற்றோருக்குக் காரணம் தெரியாது, ஆனால் கதை முழுவதையும் வாசித்துவிட்டதால் எனக்கு அது இப்போது தேவைப்படவில்லை என்று சொன்னாளாம். ஒரு தாய்க்கு இதைவிடக் கறாரான மதிப்பெண் கிடைக்காது. ஏற்றுக்கொண்டேன்.

திரும்பிப் போகாதவர்கள் என்று அவள் எங்களைச் சொன்னது தவறில்லை. செல்வத்தின் வேலை இங்கே. என் வேலை இங்கே. வீட்டுக்கடனுக்கு இன்னும் நெடுங்காலம் இருக்கிறது. அதில் எதுவும் மாறவில்லை. பதிவு அலுவலகத்திலும் நான் பெருமாள்தான்.

மாறியவற்றை மட்டும் சொல்கிறேன். எங்கள் ஆண்டு விடுமுறையை இனி ஆடித் திருவிழா சாட்டும் நாளைக் கேட்ட பிறகே போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நவோமி தானாகவே அத்தைக்குப் போன் செய்கிறாள். பெயர் வைத்தது யார் என்று எவர் கேட்டாலும், அத்தை வைத்தார் என்று சொல்கிறாள். நாங்கள் அதைத் திருத்துவதில்லை.